தரைக்குக் கீழே முப்பது சென்டிமீட்டர்

முதலில் பார்த்தது கம்பிக்கூண்டு.
மூன்று மாடி, ஊதா நிறச் சறுக்கு, ஓடுசக்கரம்,
தள்ளுபடி போக முப்பத்தொன்பது யூரோ.
கடைக்காரர் ஃபோப்பெ தாடியைச் சொறிந்துகொண்டு
"இது வெள்ளெலிக்கே காணாது" என்றார்.
விற்க உட்கார்ந்தவர் பேசுகிற பேச்சா அது?

"கம்பியைக் கடித்துக் கடித்து மூக்கு புண்ணாகும்.
பிளாஸ்டிக் ஒரே ராத்திரியில் தூள்.
ஜெர்பில் மாடி கேட்கிற பிராணி இல்லை.
அதற்கு வேண்டியது
கீழே போக வழி."

நாங்கள் இருப்பதே மாடியறை,
நானும் வீபெயும், ஹார்லெமில்.
இருபத்திரண்டு சதுர மீட்டர்.
கூரை சரிந்த பக்கம் குனியாமல் நடக்க முடியாது.
நகராட்சியின் வீட்டுப் பட்டியலில்
ஒன்பது வருஷமாய் ஊர்ந்துகொண்டிருக்கிறது என் பெயர்.
இப்போது அளவுநாடாவும் கையுமாக
எலிகளுக்கு வீடு பார்க்கிறேன்.

நீளம் நூறு, அகலம் ஐம்பது, உயரம் ஐம்பது.
கண்ணாடி. காற்று புக மேலே வலைமூடி.
அடியில் மரச்சீவலும் வைக்கோலும் கலந்து
முப்பது சென்டிமீட்டருக்குக் கொட்டி
உள்ளங்கையால் அமுக்க வேண்டும்,
தளர்ந்திருந்தால் சுரங்கம் நிற்காது.
குளிக்கிற மணல்கிண்ணம் கனம்.
சீவலின்மேல் வைத்தால், ஒருநாள்
அதன் அடியிலேயே தோண்டி நசுங்கிப்போவார்கள்.
கால் வைத்த பலகையில் ஏற்று அதை.

'நமக்கு வீடு கட்டினவன்
இவ்வளவு யோசித்திருப்பானா?'
கேட்டது நான் இல்லை, வீபெ.
நெற்றியைத் தடவிக்கொண்டே கேட்டான்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம்
கெர்லோஃப் என்ற தீயணைப்பு வீரர்
பழைய மீன்தொட்டி விற்கிறார் என்று போனோம்.
"மீன்களை அவள் கொண்டுபோனாள்,
தொட்டிகள் எனக்கு" என்றார்,
அடுப்படிச் சாமானைப் பற்றிச் சொல்வதுபோல.

இரண்டு இருந்தன.
ஒன்று எங்கள் அளவு.
மற்றது இரண்டு மீட்டர், அதே விலை.
எனக்கு வாயில் எச்சில் ஊறிவிட்டது.
இத்தனை இடத்தை
யாருக்காவது கொடுக்கப்போகிறேன் நான்!

எதற்கும் ஃபோப்பெயைக் கேட்போமென்று
ஸ்பீக்கரில் போட்டேன்.
"பெரியது வேண்டாம்.
இடம் மிதமிஞ்சினால் ஆளுக்கொரு மூலை பிடிப்பார்கள்.
அப்புறம் எல்லை.
அப்புறம் ரத்தம்.
கூடப்பிறந்ததுகள் என்றாலும்தான்."

போனை வைத்தேன்.
கெர்லோஃப் பெரிய தொட்டியின் ஒரு கறையை
கைக்குட்டையால் வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.
சின்னதற்குப் பத்து யூரோ குறைத்துக்கொண்டார்,
நாங்கள் கேட்கவில்லை.

எங்கள் படிக்கட்டு ஏணிக்குத் தம்பி.
தொட்டி திரும்பாது.
முகட்டில் நீட்டியிருக்கும் கொக்கியில் கயிறு மாட்டி
வீதியிலிருந்து வீபெ இழுக்க
ஜன்னலில் வயிறு பதித்து நான் காத்திருந்தேன்.
சைக்கிள்கள் நின்றன.
யாரோ எண்ணத் தொடங்கினார்கள்.
ஒரு தொட்டி நிறைய மேகம்
இரண்டாம் மாடியைத் தாண்டி
ஆடி ஆடி
என்னிடம் வந்தது.

பட்டை நிறத்தவள் கனேல், சோம்பு நிறத்தவள் அனைஸ்.
அக்காள் தங்கை.
உள்ளே விட்டதும் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.
தலை போயிற்று, முதுகு போயிற்று,
வால்நுனிக் குஞ்சமும் போயிற்று.
ஒரு மணிநேரம்
தரை மட்டும் அசைந்தது.

மூன்றாம் இரவு டார்ச்சைத் தணித்துப் பிடித்துப் பார்க்கிறேன்.
சுரங்கம் கண்ணாடியை ஒட்டியே ஓடுகிறது.
எத்தனை திருப்பம், எத்தனை வாசல்,
ஒரு கிளையில் சூரியகாந்தி விதைச் சேமிப்பு.
தூங்க எடுத்துக்கொண்டதோ
என் கைப்பிடி அளவு.
அதிலும் ஒருத்திமேல் ஒருத்தி,
யார் கால் யாருடையதென்று தெரியவில்லை.

வீபெ, நகர்ந்து படு என்று சொல்ல வந்தவள்
சொல்லாமல் இடுக்கில் நுழைந்தேன்.
அவன் பாதித் தூக்கத்தில் எழுந்து
கூரையில் தலையை இடித்துக்கொண்டான்.

கீழே எங்கேயோ, மரச்சீவலுக்குள்ளிருந்து,
பின்னங்காலால்
பதிலுக்கு ஒரு தட்டு.